கடற்பாசித் தேநீர்: கரண்டியைக் கீழே வையுங்கள்

ஹட்டனில் பக்கத்துக் கடைக்காரரின் மகள் இப்போது கலவைத் தேயிலை செய்யத் தொடங்கியிருக்கிறாள். போன வாரம் அவள் பழுப்புக் கடற்பாசித் தூளைக் கரண்டி கரண்டியாக அள்ளிப் போட்டதைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. ஆறு வருடங்களுக்கு முன் நானும் இதே கரண்டியோடுதான் நின்றேன். கழுவாமல் போடுவது, உப்புக் கரிப்பது போன்றவற்றை நாக்கே திருத்திவிடும். நாக்குக்கு எட்டாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

பெயரில் ஏமாறுவது

நோன்புக் காலத்தில் ஜெலி செய்யும் கடற்பாசி, சிவப்புப் பாசியிலிருந்து எடுப்பது. ஜப்பானியர் சமையலில் சேர்க்கும் கொம்பு, வாக்கமே போன்ற பாசிகள்தான் பழுப்பு இனம்.

கரண்டியால் அளப்பது

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான அயடீன் 150 மைக்ரோகிராம். உலர்ந்த கொம்பு ஒரு கிராமிலேயே 2,000 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாம். பொதிக்குப் பொதி மாறவும் செய்யும். தேக்கரண்டி நிறைய எடுத்தால் இரண்டு மூன்று கிராம் வந்துவிடும். கொதித்தால் போய்விடும் என்பார்கள். போகிறதுதான், தண்ணீருக்குள். சமையலில் அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றலாம். தேநீரிலோ அதைத்தானே குடிக்கிறோம்!

நான் கொடுத்த தூளை என் மதினி மூன்று மாதம் காலையும் மாலையும் குடித்தார். கொழுந்துக் கூடையோடு மலையேறியவர் லயத்து வாசற்படியில் மூச்சு வாங்கினார். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமில்லை. இரத்தப் பரிசோதனையில் தைரொயிட் சுரப்பு எல்லை தாண்டியிருந்தது. கண்டிக்குப் போய்வந்த வேன் கூலி, பரிசோதனைச் செலவு, இழந்த நாட்சம்பளம் எல்லாம் சேர்ந்து அந்த வருடத் தீபாவளியையே விழுங்கிவிட்டன. "நல்லதென்றுதானே தந்தாய், தம்பி" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மலைநாட்டுக்காரருக்கு அயடீன் போதாது, ஆகவே குடிக்கலாம் என்று இன்னமும் சிலர் விற்கிறார்கள். கேட்டாலே எரிச்சல் வருகிறது. 1995 முதல் நம் உப்பில் அயடீன் கட்டாயம்.

கர்ப்பிணிகள், தைரொயிட் நோயாளர், வார்பரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) எடுப்பவர்கள்

கொடுக்கவே வேண்டாம்.

ஹிஜிகி

இதுவும் ஒரு பழுப்புக் கடற்பாசிதான். இதில் கனிம ஆர்சனிக் என்னும் நஞ்சு அதிகம். பிரித்தானிய உணவு அதிகாரிகள் 2004 இலேயே தவிர்க்கச் சொல்லிவிட்டார்கள்.

பொதியின் பின்பக்கத்தை நம்புவது

அங்கே பெருமையாகப் போடும் ஃபுகோசாந்தின், பழுப்புப் பாசியின் நிறப்பொருள். அது கொழுப்பில் கரைவது; வெறுந்தேநீரில் இறங்காது. பாசியின் இன்னொரு சத்தாகச் சொல்லும் ஃபுகோய்டன் நீரில் இறங்கும். ஆனால் அதைப் பற்றிய நற்செய்திகளில் பெரும்பாலானவை செறிவான சாற்றை எலிகளுக்கும் ஆய்வுகூடச் செல்களுக்கும் கொடுத்துப் பார்த்தவை. ஒரு சிட்டிகைத் தூளுக்கு அவற்றைச் சொந்தம் கொண்டாட முடியாது.

அந்தப் பெண்ணின் கரண்டியை வாங்கிக்கொண்டு நகைத் தராசு ஒன்றைக் கொடுத்தேன். கொம்புவை விட்டு வாக்கமேக்கு மாறச் சொன்னேன். கொம்புவைவிட அதில் அயடீன் மிகக் குறைவு. இஞ்சி தட்டிப் போட்டால் மணமும் நன்றாகத்தான் இருக்கிறது. மதினி மோந்து பார்த்துவிட்டுக் கோப்பையைத் திருப்பித் தந்துவிட்டார்.