முன்னோர் பாவத்துக்காக ஜெபிக்க உட்காரும்போது

எங்கள் தாத்தா பக்கத்து வயல்காரரின் வரப்பை இரண்டு முழம் தள்ளிப் போட்டவர். வீட்டில் யாராவது நோயில் விழுந்தால், "அந்தப் பாவம்தான்" என்பார் அம்மா. பல வருடம் நானும் பயந்து பயந்துதான் ஜெபித்தேன். இப்போது செய்வது வேறு.

முதலில் வேதாகமத்தில் எசேக்கியேல் 18-ஐ வாசியுங்கள். பிதாக்கள் திராட்சக்காய் தின்றதால் பிள்ளைகளின் பற்கள் கூசின என்ற பழமொழியை இனிச் சொல்லவே கூடாது என்கிறார் கர்த்தர். தகப்பனுடைய அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை. பயம் கொஞ்சம் தெளியட்டும். பிதாக்களின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் விசாரிப்பதாக யாத்திராகமம் 20:5-ல் வரும் மூன்றாம், நான்காம் தலைமுறையோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்த வசனத்தில் இரக்கம் ஆயிரம் தலைமுறைக்குப் போகிறது.

அப்புறம் புலம்பல் 5. ஏழாம் வசனத்தில் பழி முழுக்கப் பிதாக்கள்மேல். பதினாறாம் வசனத்துக்கு வரும்போது, "ஐயோ! நாங்கள் பாவஞ்செய்தோமே." இந்த நகர்வுதான் ஜெபம். நெகேமியாவும் "நானும் என் தகப்பன் வீட்டாரும்" என்று தன்னைத்தான் முதலில் சொல்கிறார். தானியேல் 9-லும் எல்லாம் "நாங்கள்"தான். சிங்கக்கெபிக்குப் போன உத்தமர் அப்படிச் சொல்கிறார் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். "சாபத்தை முறியும்" என்று பொதுவாகக் கத்துவது எனக்கு ஒட்டவில்லை. நான் சொன்னது: "ஆண்டவரே, எல்லைக்குறியைத் தள்ளிப் போட்டோம். அந்த நெல்லை நானும் தின்றேன். நீர் நீதியுள்ளவர்."

சரி, ஆமென் சொன்ன பிறகு? நான் சர்வேயரை வரவழைத்தேன். வரப்பு பழைய இடத்துக்குப் போயிற்று.