கச்சானில் கருகிய புதினா

ஆனி, ஆடியில் திருகோணமலை உப்புவெளிப் பக்கம் கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று வீசத் தொடங்கினால் என் புதினாவின் இலை ஓரங்கள் கருகிவிடும். வெயில்தான் என்றார்கள் அக்கம்பக்கத்தில். வெயில் மட்டுமில்லை, கிணற்றுத் தண்ணீரின் உப்பும்தான். சாடி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்தது.

முதலில் சாடிக்குக் கீழிருந்த தட்டை எடுத்தேன். வடிந்த உப்புநீரை மண் திரும்ப உறிஞ்சிக்கொண்டிருந்தது. அப்புறம் குழாய்த் தண்ணீரை அடித்துளையால் நன்றாக ஓடும்வரை ஊற்றிக் கழுவினேன். தும்புச்சோற்றிலும் (தேங்காய் நார்த் தூள்) உப்பு இருக்கும், அதனால் அலசிப் பிழிந்துதான் மண்ணில் கலக்கிறேன். கச்சான் தென்மேற்கிலிருந்து வருவதால் சாடி இப்போது வீட்டின் கிழக்குச் சுவரோரம். காலை வெயில் போதும். கருகிய தண்டுகளை ஒட்ட வெட்டியதும் துளிர் வந்தது.

கறிக்கு வாசத்துக்குப் போடும் றம்பைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை, கிணற்றடியிலேயே செழிக்கிறது. கறிவேப்பிலைதான் இன்னும் அடம்பிடிக்கிறது.