மேக் கட்டளைக்கு எத்தனை ஜாப் கொடுக்கலாம்?

முதன்முதலில் ஒரு பெரிய சி++ மென்பொருளை கம்பைல் செய்தபோது (நிரலை இயங்கும் மென்பொருளாக மாற்றுவது), அந்த வேலையை நடத்தும் மேக் (எம், ஏ, கே, இ) கட்டளையோடு வெறும் -ஜே மட்டும் அடித்துவிட்டேன். ஒரே நேரத்தில் எத்தனை வேலை (ஜாப்) ஓடலாம் என்று சொல்வதுதான் இந்த -ஜே. எண் போடவில்லை என்றால் வரம்பே இல்லை என்று அர்த்தமாம், அப்போது தெரியாது. ஐந்து நிமிடத்தில் மவுஸ் அம்பு உறைந்துவிட்டது, கேப்ஸ் லாக் விளக்குகூட எரியவில்லை. பவர் பட்டனை அமுக்கிப் பிடித்துத்தான் மீள முடிந்தது.

எண் போடத்தான் வேண்டும். எந்த எண்?

முதலில் டெர்மினலில் என்ப்ராக் அடியுங்கள் (சிற்றெழுத்தில் என், பி, ஆர், ஓ, சி). 8 என்று வந்தால் ஒரே நேரத்தில் 8 வேலை ஓடும். பலரும் இதோடு நிறுத்தி -ஜே8 போட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், ரேமைப் பார்க்காமல் இந்த எண்ணை நம்பக் கூடாது.

அடுத்து ஃப்ரீ -ஹெச் அடியுங்கள். மொத்த ரேமை விடுங்கள், கடைசியில் உள்ள 'அவைலபிள்' நெடுவரிசையைப் பாருங்கள். ஜென்டூ என்ற லினக்ஸ் வகையின் கையேடு ஒரு ஜாப்புக்கு 2 ஜிபி என்று கணக்கு வைக்கச் சொல்கிறது. 8 ஜிபி லேப்டாப்பில் ப்ரவுசர் தின்றது போக 6 ஜிபி மிச்சமா? 6-ஐ 2-ஆல் வகுத்தால் 3. என்ப்ராக் சொன்னது 8, ரேம் கணக்கு 3. இரண்டில் சின்னதை எடுங்கள்: -ஜே3.

இந்த 2 ஜிபி, டெம்ப்ளேட் நிறைந்த சி++ நிரலுக்குச் சரி. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் போன்ற சி நிரலுக்கு அவ்வளவு தேவைப்படாது, அங்கே -ஜே8 தாராளமாகப் போடலாம்.

பாதியில் 'கில்டு' என்று வந்து நின்றால் நிரலில் பிழை தேடி அலையாதீர்கள். ரேம் தீர்ந்ததால் கர்னலே கம்பைலரைக் கொன்றிருக்கும். டிமெசேஜ் (டி, எம், இ, எஸ், ஜி) அடித்தால் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரி சிக்கும். எண்ணைக் குறைத்து அதே கட்டளையை மறுபடி கொடுங்கள். முடிந்த கோப்புகளை மேக் மறுபடி தொடாது. 95 சதவீதம் தாண்டி லிங்க் செய்யும்போது (கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும்போது) செத்தால், அந்தக் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் -ஜே1 போதும்.

உண்மையான பிழை என்றாலும் -ஜே1 உதவும். எட்டு ஜாப்பின் செய்திகள் ஒன்றோடொன்று கலந்து, பிழை வரி எங்கோ மேலே புதைந்திருக்கும். ஒற்றை ஜாப்பில் அதுவே கடைசியில் வந்து நிற்கும்.

மேக்குக்குப் பதில் அதே வேலையைச் செய்யும் நிஞ்ஜா கருவி என்றால் கவனம். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டாலும் அது ப்ராசஸரின் எல்லா கோர்களையும் எடுத்துக்கொள்ளும். அங்கே -ஜே போடுவது குறைப்பதற்குத்தான்.