சுங்கை சிப்புட்டுக்குப் புதுசா? சாமான் பட்டியலைக் கடைவாரியாகப் பிரியுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள இந்த ஊரில் எல்லாச் சாமானும் ஒரே கடையில் அமையாது. மீனும் கீரையும் காலையிலேயே பாசாரில் (சந்தையில்) வாங்கிவிட வேண்டும். பருப்பு, மசாலாவுக்குச் சாமான் கடை. எண்ணெய், முட்டை, சவர்க்காரத்துக்கு ஸ்பீட்மார்ட் என்ற சிறு பேரங்காடி. ஊரில் அகப்படாததற்கு ஈப்போ லிட்டில் இந்தியா, ஏறக்குறைய 30 கிலோமீட்டர். தோட்டத்துக்குள் வீடு, கையில் கார் இல்லை என்றால், ஒரு பொருள் விட்டுப்போனாலும் அன்றைய குழம்பே மாறிவிடும்.

பாப்ரிகா போன்ற சமையல் செயலியில் சமையல் குறிப்பை வாங்கும் பட்டியலில் சேர்த்தால் அதிலுள்ள சாமான்கள் தானாக வந்துவிடும். ஆனால் அது பேரங்காடி அடுக்குகளை வைத்துப் பிரிக்கும்: பால் பொருள், பேக்கரி, உறைந்த உணவு. நமக்கு அது உதவாது. செயலியில் அந்தப் பிரிவுகளின் பெயரை மாற்றி, 'பாசார்', 'சாமான் கடை', 'ஸ்பீட்மார்ட்', 'ஈப்போ' என்று வையுங்கள். தமிழில் எழுதிய பொருள்களுக்கு முதலில் நீங்கள்தான் இடம் காட்ட வேண்டியிருக்கும். ஒரு வார இறுதி உட்கார்ந்தால் முடிந்துவிடும் வேலை.

பெயரை ஒரே மாதிரி எழுதுவது அதைவிட முக்கியம். சாம்பாரில் 'துவரம்பருப்பு', கூட்டில் வெறும் 'பருப்பு' என்றிருந்தால் இரண்டும் தனித்தனி வரியாக நிற்கும். ஒரே பெயரில் இருந்தால்தான் 200 கிராமும் 100 கிராமும் சேர்ந்து 300 ஆகும்.

அளவும் அப்படித்தான். 'சீரகம் 1 தேக்கரண்டி' என்று கடைக்காரரிடம் நீட்ட முடியுமா? அஞ்சறைப் பெட்டிச் சாமான்களை எல்லாம் செயலியின் 'சரக்கறை'ப் பகுதியில் போட்டுவிடுங்கள். தீர்ந்தால் மட்டும் பட்டியலுக்கு வரட்டும். தேங்காய்க்கு 'அரை மூடி' என்று எழுதாதீர்கள். இங்கே கடையிலேயே துருவி எடை போட்டுத் தருவார்கள், பாலும் பிழிந்து கிடைக்கும். 'துருவல் கால் கிலோ' என்றே குறிப்பில் திருத்திவிடுங்கள்.

மீனை மட்டும் பெயர் சொல்லிப் பூட்டிவைக்க வேண்டாம். 'குழம்பு மீன்' என்றால் போதும். அன்று எது நன்றாயிருக்கிறதோ அதை வாங்கலாம்.

பாப்ரிகாவுக்கு மாதச் சந்தா இல்லை, ஒருமுறை கட்டினால் சரி. ஆனால் கைப்பேசிக்கும் கணினிக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும். பாசாருக்குக் கைப்பேசிதானே கூட வரும், அதற்கு மட்டும் வாங்குங்கள்.