மைலேஜ் கார் கட்டப் போற பசங்களுக்கு: இன்ஜினை கடைசியா தொடுங்க

சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கமிருந்து இஞ்சினியரிங் படிக்கிற பசங்க ஷெல் எகோ மாரத்தான் (கம்மி எரிபொருள்ல அதிக தூரம் ஓடற வண்டி கட்டற போட்டி) மாதிரி போட்டிக்கு டீம் போட்டா மொத கேள்வியே "எந்த இன்ஜின்ணா?"ன்னுதான் வருது. அதை கடைசில வெச்சுக்கங்க. இங்க வேகத்துக்கு மார்க் கிடையாது, சராசரியா 25 கிமீ வேகத்துல ஓட்டி முடிச்சா போதும், எவ்வளவு குடிச்சுதுங்கறதுதான் கணக்கு. 2005ல சூரிச் ஈடிஎச் காலேஜோட பேக்-கார் 2 ஹைட்ரஜன்ல ஓடி, பெட்ரோல் கணக்குக்கு மாத்துனா லிட்டருக்கு 5,385 கிமீ குடுத்துச்சு, வண்டியே 30 கிலோ பக்கம்தான்.

மொத வருசம் ப்ரோட்டோடைப் பிரிவுல (மைலேஜை மட்டுமே குறி வெச்சுக் கட்டற வண்டி) போங்க, 3 சக்கரம் போதும். அர்பன் கான்செப்ட்னா (ரோட்டுல ஓடற கார் மாதிரி கட்டற பிரிவு) 4 சக்கரம், கதவு, லைட்டுன்னு வேலை இழுக்கும்.

சக்கரத்துல இருந்து ஆரம்பிங்க. வண்டி 40, டிரைவர் 60, ஆக 100 கிலோன்னு வைங்க. சாதா சைக்கிள் டயர்ல உருள்றதுக்கான தடை குணகம் 0.005 சுமாருக்கு வரும், அதாவது எந்நேரமும் அரைக் கிலோ பலம் பின்னால பிடிச்சு இழுக்குது. 0.002க்கு கொண்டாந்தா அது 200 கிராம்தான். இதுக்குன்னே இருக்கற ஸ்பெஷல் டயர் விலை கூட, கிடைக்கலைன்னா மெல்லிசான சைக்கிள் டயர் வாங்கி பக்கவாட்டுல போட்டிருக்கற உச்ச அளவு வரைக்கும் காத்து அடிங்க. முன் சக்கரம் ரெண்டும் இம்மி பிசகாம நேரா நிக்கணும், நூல் பிடிச்சுப் பாருங்க, கோணையா நின்னா டயர் உரசி உரசியே பெட்ரோலை தின்னுரும். பேரிங்ல இருக்கற கெட்டி கிரீஸை கழுவிட்டு லேசான ஆயில் விடுங்க, பிரேக் கட்டை உரசுதான்னு சக்கரத்தை கையால சுத்திப் பாருங்க.

அடுத்து உருட்டி விடுற டெஸ்ட். சமதளமா ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டுல (வாளையார் ஹைவேல வேண்டாம் சாமி) 30 கிமீ வேகத்துல நியூட்ரல் பண்ணி 10க்கு வர எத்தனை செகண்டுன்னு பாருங்க, ஒவ்வொரு மாத்தத்துக்கு அப்பறமும் இதே டெஸ்ட். நம்ம பக்கம் பாலக்காட்டு கணவாய் காத்து ஆனி ஆடில சும்மா விடாது, ஒரு பக்கம் மட்டும் ஓட்டிட்டு ஆகா ஓகோன்னு குதிக்காதீங்க, ரெண்டு திசைலயும் ஓட்டி சராசரி எடுங்க, விடிகாலைல போனா இன்னும் நல்லது.

பாடிக்கு கார்பன் ஃபைபர்தான்னு அடம் பிடிக்காதீங்க, கிளாஸ் ஃபைபர் வேலை தெரிஞ்ச சேட்டன் ஒருத்தர் கிடைச்சாலே ஜெயம். மூக்கை விட வால்தான் முக்கியம், நீளமா மெதுவா ஒடுங்கணும், இல்லைன்னா பின்னால காத்து சுழண்டு இழுக்கும். சக்கரத்தை மூடுங்க, அடிப்பாகமும் வழுவழுன்னு இருக்கட்டும்.

இப்ப இன்ஜின். ஹோண்டா ஜிஎக்ஸ்35, 35.8 சிசி, காடு வெட்டுற மெஷின்ல வர்றதுதான், கேரளாவுல ரிப்பேர் பாக்க ஆளுக்கா பஞ்சம். ஆக்சிலரேட்டரை லேசா மட்டும் திருகி ஓட்டிக்கிட்டே இருந்தா காத்தை உறிஞ்சறதுலயே சக்தி போயிரும், அதனால நல்லா முறுக்கி 30 வரைக்கும் ஏத்து, ஆஃப் பண்ணு, 20 வரைக்கும் உருளவிடு, மறுபடி ஸ்டார்ட். இதுக்கு ஃப்ரீவீல் (இன்ஜின் நின்னாலும் சக்கரத்தை தனியா உருள விடறது) கண்டிப்பா வேணும், கார்ப்பரேட்டரை எடுத்துட்டு இன்ஜெக்ஷன் போடறது அடுத்த வருசத்து வேலை. ஓட்டறவங்க கைல பழக்கம் வரணும்கறதால டிரைவரை இப்பவே முடிவு பண்ணுங்க, ப்ரோட்டோடைப்ல குறைஞ்சது 50 கிலோ இருக்கணும், ஒல்லியா இருந்தா பாரம் வெச்சு சரி பண்ணிக்கலாம்.

ரூல் புக்கை வெல்டிங்குக்கு முன்னாடியே படிங்க, வருசா வருசம் மாத்துவாங்க. டிரைவர் 10 செகண்டுல வெளிய வரணும், ஹெல்மெட்டுக்கு மேல ரோல் பார் (வண்டி கவுந்தா தலையைக் காக்கற கம்பி), இன்ஜினுக்கும் ஆளுக்கும் நடுவுல தடுப்பு, ஹாரன், தீயணைப்பான், இதுல ஒண்ணு குறைஞ்சாலும் டிராக்குக்குள்ள விட மாட்டாங்க. பெல்ட் மாட்டி, ஹெல்மெட் போட்டு, மேல் மூடிய மூடிட்டு வெளிய வர பழகுங்க, சும்மா சீட்ல இருந்து எந்திரிச்சுப் பாத்ததெல்லாம் கணக்குல வராது.