கணையப் புற்று மாதிரியில் நிணநீர்க் கணுக்களைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரியில் அறுவையில் அகற்றிய உறுப்பு மாதிரிகளை வெட்டிப் பார்க்கும் மேசைக்குப் புதிதாக வரும் இளம் மருத்துவர்கள், நான் பயிற்சிக் காலத்தில் செய்த பிழைகளையே வரி பிசகாமல் செய்கிறார்கள். பெயர்ச்சீட்டு மாறுவது போன்றவற்றை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஐந்தாறு கணுக்களோடு நிறுத்திவிட்டு 'பரவவில்லை' என்று எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. கணையத்தின் தலைப்பகுதியை முன்சிறுகுடலோடு சேர்த்து அகற்றும் விப்பிள் அறுவையில் வரும் மாதிரியில், நம் மக்கள் 'நெறி' என்று சொல்லும் நிணநீர்க் கணுக்கள், கணையத்தைச் சுற்றியுள்ள கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும். நம் பக்கத்தில் புளி தட்டும் பெண்களுக்குச் சதையில் தங்கிவிட்ட கொட்டை விரலிலேயே தட்டுப்படுவதுபோல, பெரிய கணுக்கள் நமக்கும் தட்டுப்படும். மூன்று, நான்கு மில்லிமீட்டர் கணுக்கள் அப்படித் தட்டுப்படா. புற்று அவற்றிலும் இருக்கக்கூடும்.

பயிற்சிக் காலத்தில், பாலக்கோடு பக்கத்து விவசாயி ஒருவரின் மாதிரியில் ஐந்து கணுக்களைக் கண்டேன். ஐந்திலும் புற்று இல்லை. அப்படியே எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து அந்த ரிப்போர்ட்டைப் பார்த்த என் மூத்த மருத்துவர், மாதிரி இருந்த டப்பாவைத் திரும்ப எடுக்கச் சொன்னார். மிச்சமிருந்த கொழுப்பு முழுவதையும் கேசட்டுகளில் (நுண்ணோக்கிச் சோதனைக்காகத் திசுவை இடும் சிறு பெட்டிகள்) இட்டுப் பார்த்தபோது மேலும் ஒன்பது கணுக்கள் கிடைத்தன. அவற்றில் இரண்டில் புற்று இருந்தது. அதற்குள் அந்த விவசாயி கீமோவுக்குப் பெங்களூரு போவதையே கைவிட்டிருந்தார். "நீங்கதானே சார் பரவலைன்னு எழுதிக் கொடுத்தீங்க?" என்று அவருடைய மகன் கேட்டார்.

கணுக்கள் சுத்தமாக இருந்தாலும் கணையப் புற்றில் அறுவைக்குப் பின் பெரும்பாலும் கீமோ தருகிறார்களே, எண்ணிக்கையில் என்ன இருக்கிறது என்று சிலர் வாதிடுவார்கள். குடும்பங்கள் முடிவெடுப்பது அந்த ஒற்றை வரியைப் படித்துத்தான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். தவிர, கணுக்களில் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று நிலை பிரிப்பதே எண்ணிக்கையைக் கொண்டுதான்: இப்போதைய முறைப்படி ஒன்று முதல் மூன்று கணுக்களில் புற்று இருந்தால் என்1 (N1) நிலை, நான்கும் அதற்கு மேலும் என்றால் என்2. குறைந்தது 12 கணுக்களையாவது பார்க்க வேண்டும் என்பது பொதுவான வரையறை. கணைய அறுவைக்கான பன்னாட்டு ஆய்வுக் குழு 2014இல் 15 என்றது. குறைவாகப் பார்த்து 'சுத்தம்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களுள், புற்று பரவியிருந்தும் கண்டறியப்படாதவர்கள் கலந்திருப்பார்கள். எனவே அந்த முத்திரையை நம்பிச் சொல்லும் ஆயுள் கணிப்பும் பிசகிவிடும். தேடியும் 12 கிடைக்காவிட்டால், கொழுப்பு முழுவதையும் சோதித்ததாக ரிப்போர்ட்டில் எழுதுங்கள். அறுவைக்கு முன்பே கீமோ பெற்றவர்களிடம் கணுக்கள் குறைவாகக் கிடைப்பதுண்டு, அதையும் குறிப்பிடுங்கள்.

ஒரே கணுவை இரண்டாக எண்ணுவது

பெரிய கணுவை வெட்டினால், அதன் துண்டுகளை வேறு கணுக்களோடு கலக்காமல் தனியாக இட்டு, ஒரே கணுவாக எண்ணுங்கள். வெட்டுவது எண்ணிக்கையை நிரப்பும் குறுக்குவழி அன்று.

கட்டி நேரே ஊடுருவிய கணுவை விட்டுவிடுவது

அதுவும் புற்றுள்ள கணுதான்.

கூடுதல் கணுக்களுக்காக அறுவையையே விரிக்கச் சொல்வது

வழக்கமான எல்லையைத் தாண்டிக் கணுக்களை அகற்றிப் பார்த்த ஒப்பீட்டு ஆய்வுகளில் நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை. வயிற்றுப்போக்குத் தொல்லைதான் கூடியது. அறுவை மருத்துவரிடம் கேட்பதற்கு முன் டப்பாவில் மிஞ்சிய கொழுப்பைப் பாருங்கள்.

பார்மலினில் கஞ்சத்தனம்

திசு கெடாமல் காக்கும் திரவம் பார்மலின்; அது மாதிரியின் அளவைப்போல் பத்து மடங்கு இருக்க வேண்டும்.