கோல் வாங்க முதல்: ஓர்கெஸ்ட்ரா கண்டக்டராக விரும்பும் பியானோப் பிள்ளைகளுக்கு

யாழ்ப்பாணத்தில் பியானோ படித்து எட்டாம் கிரேட் முடிக்கும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "ரீச்சர், கண்டக்டராக வர என்ன செய்ய வேணும்?" கேட்கும்போதே ஒரு கோல் வாங்கிக் கண்ணாடிக்கு முன்னால் வீசத் தொடங்கியிருப்பார். அதை மேசையில் வையுங்கள், பிள்ளை. பெரிய கண்டக்டர்களான சோல்ட்டியும் பப்பானோவும் ஒபெரா (இசை நாடகம்) ஒத்திகைகளில் பாடகர்களுக்குப் பியானோ வாசித்துத்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தார்கள்.

முதலில் காது. கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவின் நான்கு குரல் பாட்டு ஒன்றை எடுங்கள் (மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ்). சோப்ரானோ, ஆல்ட்டோ, பேஸ் மூன்றையும் வாசித்துக்கொண்டு டெனரை நீங்கள் பாடுங்கள். அப்புறம் ஆல்ட்டோவைப் பாடி மற்ற மூன்றையும் வாசியுங்கள். கெதியில் வராது. வந்தபின், ஒத்திகையில் "எங்கேயோ பிழைக்குது" என்று முழிக்க மாட்டீர்கள். யார், எந்த இடத்தில், எந்தச் சுரம் என்று சொல்வீர்கள்.

அடுத்தது ஸ்கோர் வாசிப்பு, அதாவது எல்லா வாத்தியங்களின் பகுதிகளும் ஒன்றாக எழுதப்பட்ட இசைத்தாளை வாசிப்பது. ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய இசைத்தாள் நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஹைடனின் நால்வர் தந்திக் குழுப் படைப்பு ஒன்றில் தொடங்கினால் வியோலாவுக்கு எழுதும் ஆல்ட்டோ கிளெப் (சுர இடத்தைக் காட்டும் குறி) பழகும். அதில் நடுக்கோடுதான் மிடில் சி. பிறகு பேத்தோவனின் முதலாம் சிம்பொனி. அதில் கிளாரினெட் சி-யில் எழுதப்பட்டிருப்பதால், எழுதிய சுரம் ஒன்று கேட்கும் சுரம் வேறொன்று என்று இடமாற்றிக் கணக்குப் போடும் தலையிடி குறைவு. சி மேஜர் என்று பெயர், ஆனால் முதல் கோர்டே எஃப் பக்கம் இழுக்கும். அதை வாசித்துப் பார்த்து, ஏன் அப்படி என்று ஒரு நாள் முழுக்க யோசியுங்கள். பி ஃபிளாட் கிளாரினெட், எஃப் ஹோர்ன் எல்லாம் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

இனிக் கை. சங்கீதமும் படித்த பிள்ளைகள் இங்கே அதிகம். தாளம் போட்ட கை அடி விழும்போது விழும். கண்டக்டரின் கையோ அடிக்கு முன்னரே வேகம், சத்தம், மூச்சு எல்லாவற்றையும் சொல்லி முடித்திருக்க வேண்டும். பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி மௌனத்தில் தொடங்குகிறது: உங்கள் முதல் அடி எட்டிலொரு ஓய்வில் விழும், அதன் பிறகுதான் தந்தி வாத்தியங்களும் கிளாரினெட்டுகளும் நுழையும். அடிக்கு முன் கை காட்டும் தயாரிப்பு அசைவு தெளிவில்லை என்றால் தொடக்கத்து நான்கு சுரங்களும் சிதறிவிடும்.

வாத்தியக் குழுவுக்கு எங்கே போவது? இரண்டு நண்பர்களைப் பிடியுங்கள். பேத்தோவன் சிம்பொனிகளுக்கு நான்கு கைப் பியானோ வடிவங்களும் அதே தளத்தில் உண்டு. அவர்கள் வாசிக்க, நீங்கள் வாய் திறக்காமல் நடத்துங்கள். பிந்தினால் திட்டாமல் கையை மாற்றிப் பாருங்கள். உண்மையான பியானோ உள்ள வீடாகப் பாருங்கள். கரண்ட் போனால் கீபோர்ட்டோடு ஒத்திகையும் முடிந்தது. கொஞ்சம் வயலினும் பழகுங்கள், ஆனால் மேற்கத்திய முறையில். வில்லை மேலே தள்ளுவதா கீழே இழுப்பதா என்று ஒரே பகுதியை வாசிக்கும் எல்லோரும் ஒன்றாக முடிவெடுப்பது நம்மூர் வயலினில் வராத விஷயம்.

ஏபிஆர்எஸ்எம் (பிரிட்டிஷ் இசைப் பரீட்சைச் சபை) பரீட்சை என்றால் ஐந்தாம் கிரேட் தியரியோடு நிறுத்தாதீர்கள், எட்டு வரை போங்கள். கொழும்பு போகும்போது இலங்கை சிம்பொனி ஓர்கெஸ்ட்ராவின் ஒத்திகையில் ஸ்கோரோடு ஒரு மூலையில் இருக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டுப் படிப்புக்குக் கண்டக்டிங் வீடியோ கேட்பார்கள். ஆளைப் பார்த்தபடி கமெராவை வையுங்கள், முதுகு யாருக்கும் தேவையில்லை. உலகப் புகழ் கண்டக்டர் சுபின் மேத்தா மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு 1954 இல் மும்பையிலிருந்து வியன்னாவுக்குப் போனவர். இந்தத் தகவலை வீட்டில் எப்போது சொல்வது என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

பெரிய போட்டிகளில் வயதெல்லை உண்டு. பியானோக்காரரான லஹாவ் ஷானி 2013 இல் ஜேர்மனியின் பாம்பெர்க்கில் கண்டக்டர்களுக்கான மாலர் போட்டியை வென்றபோது வயது 24. பயப்பட வேண்டாம், ஆனால் சும்மா இருக்கவும் வேண்டாம். மார்கழிக் கரோல் ஆராதனையில் ஒரே ஒரு பாட்டை நடத்தத் தரச்சொல்லி உங்கள் குழுத் தலைவரிடம் கேளுங்கள். ஒக்டோபரிலேயே கேளுங்கள், கார்த்திகை பிறந்தால் பாட்டெல்லாம் பங்கிட்டு முடிந்துவிடும்.